பிப்ரவரி வரைக்கும் ஒரு பாத்தி

டெல்லி மோதி பாகில் எங்கள் குடியிருப்புக்கு வெளியே, சர்வீஸ் ரோட்டின் ஓரத்தில் நாற்றுக் கடை வைத்திருப்பவர், என்ன செடி வேண்டும் என்று எடுத்த எடுப்பில் கேட்பதில்லை. அவருடைய முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "க்வார்ட்டர் கப் தக் ஹை, அங்கிள்ஜி?" வீடு எது வரைக்கும்? அரசாங்கக் குடியிருப்பின் வாசலில் பல வருடம் செடி விற்றவருக்கு மண்வாகைவிட மாற்றல் உத்தரவு முக்கியம் என்று தெரிந்திருக்கிறது. டிசம்பரில் காலி செய்கிறவருக்கு அவர் பட்டாணி விதை தர மாட்டார். தந்தால் விதைத்தவர் ஒருவர், பறிப்பவர் ஒருவர், திட்டு மட்டும் இவருக்கு.

போன ஆகஸ்ட் கடைசியில் அந்தக் கேள்விக்கு நான் "பிப்ரவரி" என்றேன்.

"பக்கா?"

"பக்கா."

முப்பத்தாறு வருடம் மத்திய அரசுப் பணியில் இருந்தவன் நான். கையெழுத்தாகாத தாளை நம்பி ஒரு குண்டூசி வாங்கியதில்லை. அன்று எந்தக் கையெழுத்தும் இல்லாமல் ஒரு நாற்றுக் கடைக்காரரிடம் பிப்ரவரி என்று உறுதி கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அதைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தேன்.

விவரம் இதுதான். வீடு என் பெயரில் இல்லை. நான் ஓய்வுபெற்று மூன்று வருடம் ஆகியிருந்தது. என் மனைவி வேறொரு அமைச்சகத்தில் கணக்குப் பிரிவு அதிகாரி. வீடு அவளுக்கு ஒதுக்கப்பட்டது. படிவத்தில் நான் உடன் வசிக்கும் குடும்ப உறுப்பினர், வரிசை எண் ஒன்று. அவள் அந்த ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதி ஓய்வுபெற இருந்தாள். யார் எந்த நாளில் பிறந்திருந்தாலும், மாதத்தின் கடைசி நாளில்தான் அரசாங்கம் அவருக்கு வயதாக அனுமதிக்கிறது. அதற்குப் பிறகு ஆறு மாதம் வீட்டை வைத்துக்கொள்ளலாம். ஒரு படிவம் எழுதிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். செப்டம்பரில் தொடங்கி பிப்ரவரியில் முடிகிற ஆறு மாதம். இந்த விதியை எழுதிய மகானுக்குக் கட்டாயம் ஒரு காய்கறித் தோட்டம் இருந்திருக்கும். டெல்லியில் குளிர்காலக் காய்கறிக்கு விதைப்பு முதல் கடைசிப் பறிப்பு வரை தேவைப்படுவது சரியாக அந்த ஆறு மாதம்தான்.

அதற்குப் பிறகு கோயம்புத்தூரில் நாங்கள் எப்போதோ வாங்கிப் போட்ட ஃபிளாட். மூன்றாம் மாடி. பால்கனியில் ஒரு தொட்டி வைக்கலாம். இரண்டாவது தொட்டி வைத்தால் துணி காயப்போட இடம் இருக்காது. ஆகவே மண்ணில் கை வைக்க எனக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு குளிர்காலம். அதை முழுதாக எடுத்துக்கொள்வது என்று நான் முடிவு செய்திருந்தேன். என் கணக்கில் ஒரே ஒரு குறைதான் இருந்தது. அதில் நவம்பர் இருந்தது.

நவம்பரில் டெல்லியின் காற்று என்ன ஆகிறது என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. என் மனைவிக்கு ஐந்தாறு வருடமாக இழுப்பு. அவள் ஆபீஸ் பஸ்ஸிலிருந்து குடியிருப்பின் கேட்டில் இறங்கி வீடு வரை நடந்து வருவாள். பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருக்கும் எனக்கு, வேலிக்கு மேலாக அந்தப் பாதை முழுவதும் தெரியும். மற்ற மாதங்களில் அவள் நேராக வருவாள். நவம்பரில் நாவல் மரத்தடியில் நிற்பாள். கைப்பையைத் திறந்து எதையோ தேடுவாள். பிறகு டிரான்ஸ்ஃபார்மர் அருகே நிற்பாள். மறுபடியும் தேடுவாள். வீட்டுக்குள் வந்ததும், "சாவியத் தேடினேனுங்க" என்பாள். வீட்டில் நான் இருக்கிறேன், சாவியும் என்னிடம் இருக்கிறது என்பது இருவருக்கும் தெரியும். முந்தைய நவம்பரில் டாக்டர், தீபாவளியிலிருந்து இரண்டு மாதம் இந்த ஊரில் இருக்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் உடனே செயலில் இறங்கினேன். அவளுடைய இருக்கையை இரண்டாம் மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு மாற்றக் கோரி ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். மூன்று பத்தி, மருத்துவச் சான்று, இணைப்பு அ. விண்ணப்பம் நன்றாக வந்திருந்தது.

எங்கள் மகன் டெல்லியில் பிறந்து வளர்ந்தவன். தமிழ் பேசுவான், படிக்க மாட்டான். ஆகவே இங்கே உண்மையை எழுதலாம்: டாக்டர் சொன்னது எனக்கு நன்றாகவே நினைவிருந்தது. நினைவில் வைத்துக்கொண்டேதான் பிப்ரவரி என்று சொன்னேன்.

அவள் ஓய்வுபெறுவதற்கு முந்திய இரண்டு வாரம் நான் உட்காரவே இல்லை என்று சொல்லலாம். மழை விட்டும் விடாமலும் இருந்த, சட்டை முதுகோடு ஒட்டுகிற நாட்கள். வெண்டை முற்றிவிட்டது. பீர்க்கங்கொடி வேலியில் மஞ்சளாகத் தொங்கியது. காலையில் கொடியைப் பிடுங்கினேன், மண்ணைக் கொத்தினேன், எரு போட்டேன், உள்ளே வந்து பேப்பரை எடுத்தேன், முதல் பக்கத்தைக்கூட முடிக்காமல் மறுபடியும் வெளியே போய் மண்ணைப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் மண் மாறிவிடாது என்பது தெரியும். ஆனாலும் போய்ப் பார்த்தேன். ஒரு பகல் சாணக்யபுரியில் விருந்தினர் இல்லத்துக் கேன்டீனுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்து, சாம்பார் வருவதற்குள் எழுந்து வந்துவிட்டேன்.

பழைய பச்சைக் குறிப்புத்தாள் ஒன்றின் பின்புறத்தில் பட்டியல் போட்டேன். முள்ளங்கி நாற்பத்தைந்து நாளில் வேலையை முடித்துவிடும். அதனாலேயே அதை யாரும் மதிப்பதில்லை. பாலக்கும் வெந்தயக்கீரையும் ஒரு மாதம். கேரட் நூறு நாள் மண்ணுக்கடியில் ரகசியமாக இயங்கும். தோண்டிப் பார்த்தால் சிலது இரண்டு காலோடு வரும், சிலது வரவே வராது. சல்ஜம் என்கிற டர்னிப்பை எங்கள் வீட்டில் யாரும் சாப்பிட்டதில்லை, ஆனால் முளைக்கத் தவறாது. பட்டாணியை அக்டோபரில்தான் போட வேண்டும், ஜனவரியில் பறிக்கலாம். கடைசியாகக் காலிஃபிளவர். அது வெயில், குளிர் பார்த்துத்தான் பூ வைக்கும். ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு தேதி. ரகத்தை மாற்றி நட்டுவிட்டால் நீங்கள் எத்தனை எரு போட்டாலும் இலையை மட்டும் அனுப்பிக்கொண்டிருக்கும். உரிய காலம் வராமல் எதற்கும் அசையாத காய். எனக்கு எப்போதும் பிடித்தது அதுதான்.

ஒரு காலை, ஆபீஸுக்குக் கிளம்பியவள் மேஜைமேல் கிடந்த பட்டியலை நின்றபடியே படித்தாள். அவள் எதையும் படிக்காமல் கடக்க மாட்டாள். மளிகைப் பொட்டலத்தைச் சுற்றி வந்த காகிதத்தையும் படித்துத்தான் போடுவாள்.

"ஏனுங்க, இதுல தீபாவளிக்கு முன்னால பறிக்கறது எதுங்க?"

"முள்ளங்கி. கீரை."

"அப்ப அதப் போடுங்க. மத்ததெல்லாம் எதுக்குங்க?"

"அம்மிணி, ரூல்படி நமக்கு ஆறு மாசம் இருக்குது."

"ரூலு இருக்குதுன்னா அல்லாத்தையும் எடுத்துக்கோணும்னு இருக்குதுங்களா?"

பஸ்ஸின் ஹாரன் கேட்டது. போய்விட்டாள். நான் பட்டியலை எடுத்து, முள்ளங்கிக்கு எதிரே 'பரிசீலிக்கலாம்' என்றும், காலிஃபிளவருக்கு எதிரே 'பரிந்துரைக்கப்படுகிறது' என்றும் எழுதினேன்.

ஓய்வுபெறும்போது ஒருவர் கையெழுத்துப் போட வேண்டிய தாள்கள் ஏராளம். அவளுக்கானதை நான்தான் தயார் செய்தேன். பத்துத் தாள். எங்கே கையெழுத்து வேண்டுமோ அங்கே ஒரு சிறிய மஞ்சள் சீட்டு ஒட்டுவது அலுவலக வழக்கம். அவசரத்தில் இருக்கும் அதிகாரி சீட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போவார். ஆறு மாதம் வீட்டை வைத்துக்கொள்ளக் கோரும் படிவத்தை நான் ஏழாவதாக வைத்தேன். முதல் தாளையும் கடைசித் தாளையும் எல்லோரும் படிப்பார்கள். ஏழாவதைப் படிப்பவர்கள் குறைவு. நானே என் காலத்தில் சில நல்ல காரியங்களை ஏழாவது தாளில்தான் முடித்திருக்கிறேன்.

மறுநாள் காலை கட்டு சாப்பாட்டு மேஜையில் இருந்தது. ஒன்பது தாளில் கையெழுத்து. ஏழாவதில் இல்லை. மஞ்சள் சீட்டை எடுத்து ஓரமாக ஒட்டிவிட்டு, அதன் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்: 'ப்ளீஸ் ஸ்பீக்.'

அரசு அலுவலகத்தில் வேலை பார்க்காதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். கோப்பின் ஓரத்தில் மேலதிகாரி இப்படி எழுதினால், அது ஒப்புதலும் இல்லை, மறுப்பும் இல்லை. இந்த விஷயத்தைத் தாளில் வைத்துக்கொண்டு தீர்க்க முடியாது, எழுந்து நேரில் வா என்று அர்த்தம். பென்சிலில் எழுதுவது, பேசி முடித்தபின் அழித்துவிடலாம் என்பதற்காக. போனால் பேச வேண்டியிருக்கும். ஆகவே அனுபவசாலிகள் போக மாட்டார்கள். கோப்பில் இன்னும் ஓர் இணைப்பைச் சேர்த்து, ஒன்றும் நடக்காததுபோல் மறுபடியும் மேலே அனுப்புவார்கள். நான் அனுபவசாலி.

அன்றுதான் நாற்றுக் கடைக்குப் போனேன். பக்கா என்று சொன்னது அப்போதுதான்.

"சீக்கிரம் பூ வைக்கிற ரகம் இருக்கிறதா?" என்று கேட்டுப் பார்த்தேன். மனதின் ஏதோ ஒரு மூலையில், தீபாவளிக்கு முன் காலிஃபிளவர் வந்துவிட்டால் எல்லாத் தரப்பும் சமாதானமாகும் என்று ஒரு நப்பாசை.

"அகேதி கா டைம் தோ நிகல் கயா" என்றார் கடைக்காரர். முந்திய ரகத்துக்குக் காலம் கடந்துவிட்டது; அதை ஜூலையிலேயே நட்டிருக்க வேண்டும். இப்போது தட்டில் இருப்பது நடுப்பருவ ரகம். செப்டம்பர் முதல் வாரம் நட்டால் டிசம்பரில் பூ. நாற்பது நாற்று வாங்கினேன். பட்டாணிக்கு அக்டோபரில் வருவதாகச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து ஓர் அட்டவணை தயாரித்தேன். காய், விதைக்கும் வாரம், பறிக்கும் மாதம். கடைசிப் பறிப்பு பிப்ரவரி நான்காம் வாரம். படிவத்தின் பின்னால் 'இணைப்பு அ' என்று சேர்த்து, அவளுடைய சாப்பாட்டு டப்பாவின் கீழே வைத்தேன்.

மறுநாள் தாள் திரும்பி வந்தது. அட்டவணையில் கேரட்டுக்கு நான் போட்டிருந்த நாட்கணக்கில் ஒரு பிழையைத் திருத்தியிருந்தாள். பென்சில் எழுத்தின் அடியில் இப்போது ஒரு கோடு இழுத்திருந்தாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் நான் நாற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். வெயில் வந்தால் வேப்பமர நிழலுக்கு, நிழல் நகர்ந்தால் கொல்லைக்கு, மழை வந்தால் வராந்தாவுக்கு. பாத்தி தயாராக இருந்தது. நட்டிருக்கலாம். குழி தோண்டக் குனிவேன், பிறகு நிமிர்ந்துவிடுவேன். கையெழுத்தாகாமல் நடுவது முறையில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் ஆபீஸிலிருந்து வந்தால், தட்டையும் என்னையும் பார்த்துவிட்டு உள்ளே போய் டீ போடுவாள். காலையில் பேசவும் நேரம் இருந்தது, மாலையில் பேசவும் நேரம் இருந்தது. நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

இந்த வீட்டுக்கு நாங்கள் வந்தது ஏழு வருடத்துக்கு முன், ஒரு ஜனவரியில். தோட்டத்தில் வேலி நெடுக, காலி செய்துபோனவர் போட்ட பட்டாணி காய்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒப்படைப்புப் பட்டியலில் மின்விசிறி இருந்தது, கீசர் இருந்தது, கொசுவலைக் கதவு இருந்தது, பட்டாணி இல்லை. பட்டியலில் இல்லாத பொருளை எப்படி எடுத்துக்கொள்வது? நிற்கும் பயிரின் நிலை குறித்துத் தெளிவுரை கோரி, பராமரிப்பு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். அதை உறையில் போட்டு ஒட்டுவதற்குள் அவள் ஒரு முறம் பட்டாணியை உரித்துவிட்டாள். "வீணாப் போறதுக்குத் தெளிவுரை எதுக்குங்க?" என்றாள். அந்த ஜனவரி முழுக்கச் சாப்பிட்டோம். போட்டவர் யார் என்று இன்றுவரை தெரியாது. தட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்த அந்த நாட்களில் ஏனோ இது அடிக்கடி நினைவுக்கு வந்தது. அவர் எந்த மாதத்தில் காலி செய்வது என்று தெரிந்தே போட்டாரா என்றும் யோசித்தேன்.

ஆகஸ்ட் முப்பத்தொன்று. பிரிவுபசாரம் முடிந்து, ஆபீஸ் கார் அவளைக் கேட்டில் இறக்கிவிட்டது. உள்ளே குழாய்க்காகச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். நான் பாத்தியில் நின்று பார்த்தேன். தோளில் சால்வை, ஒரு கையில் பூங்கொத்து, மறு கையில் சுவர்க் கடிகாரம். இனி நேரம் பார்க்கத் தேவையில்லாதவர்களுக்கு அரசாங்க அலுவலகங்கள் தவறாமல் கடிகாரம் கொடுக்கின்றன. மழையில் கழுவிய காற்று. இத்தனை சுமையோடும் நாவல் மரத்தைத் தாண்டினாள், டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டினாள். எங்கும் நிற்கவில்லை.

பூங்கொத்தை வராந்தாவில் வைத்துவிட்டு நேராகத் தோட்டத்துக்கு வந்தாள்.

"நாத்து இன்னும் நடலீங்களா?"

"கையெழுத்தாகல."

"நாத்துக்குமா கையெழுத்து?" சிரித்தாள். குழாயடியில் இருந்த வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். "வாங்க, இப்படி உக்காருங்க. பேசிப்போடலாம்."

"நான் நின்னுட்டே கேக்கறேன்."

"முப்பது வருசமா நின்னுட்டேதான் கேக்கறீங்க. தட்டை அக்கட்டால வையுங்க மொதல்ல."

வைத்தேன். பாத்தியின் வரப்பில் உட்கார்ந்தேன். ஈரம் வேட்டியில் ஏறியது.

"போன நவம்பர்ல வர்ற வழில நான் எங்கெங்க நின்னேன்னு தெரியுமுங்களா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "நாவ மரத்துகிட்ட. அப்பறம் டிரான்ஸ்பார்மர்கிட்ட."

அவள் இதை எதிர்பார்க்கவில்லை.

"அப்ப பாத்துட்டேதான் இருந்தீங்களா?"

"ம்."

"பாத்துட்டு?"

"விண்ணப்பம் எழுதினேன்."

"மூணு பாரா. நல்லாத்தான் இருந்துதுங்க, எங்க டைரக்டர்கூடச் சொன்னாரு." சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். "ஒரு நாளைக்கி அந்த மரம் வரைக்கும் வந்து என்ற பையை வாங்கியிருக்கலாமில்லீங்க."

இதற்கு விதி எதுவும் இல்லை.

"சரி, விடுங்க" என்றாள். "நான் உங்களக் கட்டாயப்படுத்தறதா இல்ல. உங்களுக்கு இந்த மண்ணு வேணும், எனக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டுத் தாரேன். பிப்ரவரி வரைக்கும் இருந்து அல்லாத்தையும் பறிச்சுட்டு வாங்க. நான் அக்டோபர் பாதில கோயமுத்தூரு போறேன். டிக்கெட் போட்டாச்சுங்க."

"எத்தன டிக்கெட்?"

"ஒண்ணு."

"ஒண்ணா?"

"உங்களுக்குப் போடோணும்னா உங்ககிட்டப் பேசோணுமில்லீங்க. அதுக்குத்தானுங்க எழுதினேன், அடில கோடும் போட்டேன்."

எழுந்து உள்ளே போனாள். பிரிவுபசாரத்தில் கொடுத்த புதுப் பேனாவால் ஏழாவது தாளில் கையெழுத்துப் போட்டு, தேதியிட்டு, என் கையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு டீ போடப் போனாள். நான் தாளைச் சரிபார்த்தேன். கையெழுத்து சரி, தேதி சரி, இணைப்பு சரி. என் பணிக்காலம் முழுவதிலும் இவ்வளவு சுத்தமான ஓர் ஒப்புதல் எனக்குக் கிடைத்ததில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே நிற்பது என்று தெரியாமல் தோட்டத்தை இரண்டு முறை சுற்றினேன். பிறகு கேட்டுக்குப் போனேன். கேட்டிலிருந்து வீட்டுக்கு நடந்தேன். நாவல் மரத்தடியில் நின்றேன். டிரான்ஸ்ஃபார்மர் அருகே நின்றேன். மரத்திலிருந்து டிரான்ஸ்ஃபார்மருக்கு அவள் எத்தனை மூச்சு விட்டிருப்பாள் என்று கணக்குப் போட முயன்றேன். நன்றாக மூச்சு விடுகிறவனுக்கு அந்தக் கணக்கு வருவதில்லை. மேல்வீட்டு அம்மாள் பால்கனியிலிருந்து, "பாய் சாஹப், ஏதாவது தொலைந்துவிட்டதா?" என்று இந்தியில் கேட்டார். சாவி என்றேன்.

மறுநாள் காலை, அவளுடைய பென்சில் குறிப்பின் கீழே 'பேசியாயிற்று' என்று மையால் எழுதி, சுருக்கொப்பமிட்டுத் தேதி போட்டேன். கோப்பை அப்படித்தான் முடிக்க வேண்டும். அந்தப் படிவத்தை அனுப்பவில்லை. அக்டோபர் மத்தியில் வீட்டை ஒப்படைப்பதாக வேறொரு கடிதம் தட்டச்சு செய்து, அவள் முன் வைத்தேன். ஒரே தாள், முதலும் கடைசியும் அதுவே. மஞ்சள் சீட்டு ஒட்டவில்லை.

அவள் இரண்டு முறை படித்தாள்.

"அப்பறம் கோயமுத்தூரு வந்துட்டு, என்ற காலிப்பிளவரு போச்சுன்னு ஆறு மாசம் மொகத்தத் தூக்கி வெச்சுட்டுத் திரியக்கூடாதுங்க."

"திரிவேன்."

"அது செரி" என்று கையெழுத்துப் போட்டாள். அதே ரயிலில் எனக்கு ஆர்.ஏ.சி.தான் கிடைத்தது. வரிசை எண் ஒன்றுகூட இல்லை.

நாற்றுக் கடைக்குப் போய், தலையைக் குனிந்துகொண்டு, பிப்ரவரி இல்லை, அக்டோபர் என்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆப்னே தோ பக்கா போலா தா, அங்கிள்ஜி." நீங்கள்தானே பக்கா என்றீர்கள். நாற்றைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். மாட்டார். முள்ளங்கி விதை ஒரு பொட்டலம், பாலக் ஒரு பொட்டலம் எடுத்து வைத்தார். "அந்த நாற்பது?" என்றேன்.

"லகா தீஜியே. கோயி ந கோயி தோ காயேகா." நட்டுவிடுங்கள், யாராவது சாப்பிடுவார்கள்.

தன் கடையின் அடிப்படைக் கொள்கைக்கே விரோதமாகப் பேசுகிறார் என்பதை நான் சுட்டிக்காட்டவில்லை.

தெற்குப் பாதியில் முள்ளங்கியும் பாலக்கும் போட்டேன். வடக்குப் பாதியில் காலிஃபிளவரை நட்டேன். நாற்பதில் ஏழெட்டு நாற்று தட்டிலேயே வாடிப்போயிருந்தது. நான் அலைந்ததன் விலை. இதை யாருக்காகவோ செய்கிற பெருந்தன்மை என்று நினைக்க வேண்டாம். ஒரு தட்டு நாற்றைக் குப்பையில் போட எனக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான். நட்ட பிறகும் நிம்மதி வரவில்லை. தினமும் விடிந்ததும் போய் இலைகளைப் புரட்டிப் புழு பார்த்தேன். டிசம்பரில் வருகிறதற்கு அக்டோபரில் குனிந்து நடுவில் பூ தெரிகிறதா என்று பார்த்தேன்.

செப்டம்பர் வெயிலில் வளர்ந்த முள்ளங்கி காரமாக இருக்கும். அக்டோபர் இரண்டாம் வாரம் முதல் கட்டைப் பிடுங்கிக் கழுவிக் கொடுத்தேன். அவள் ஒரு கடி கடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எப்பா, என்ன காரம்ங்க! இதுக்கா இத்தனை ரோசனை?"

ஆனால் முழுதையும் தின்றாள்.

ஒப்படைப்பு நாளில் ஜூனியர் இன்ஜினியர் பட்டியலோடு வந்தார். சிறு வயதுக்காரர், மரியாதை தெரிந்தவர். மின்விசிறி எண்ணினார், கீசரைப் போட்டுப் பார்த்தார், கொசுவலைக் கதவில் கிழிசல் தேடினார். கடைசியில் தோட்டத்துக்கு வந்து நின்றார். பாதிப் பாத்தி காலி. மறு பாதியில் முப்பத்துச் சொச்சம் செடிகள், முழங்கால் உயரத்துக்கு, வெறும் இலையாக.

இது எதில் வரும் என்று நான் கேட்டேன். அவர் பட்டியலைப் புரட்டினார். இதற்குக் கட்டம் இல்லை என்றார். ஏழு வருடத்துக்கு முன்னும் இல்லை என்றேன். அவர் சிரித்தார், நான் ஏன் அதைச் சொன்னேன் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. வரப்போகிறவருக்கென்று இந்தியில் ஒரு குறிப்பு எழுதி, சமையலறை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்தேன். மூன்று பத்தி. எப்போது தண்ணீர், எப்போது எரு, பூ தெரிந்ததும் வெயில் படாமல் வெளியிலைகளை மடித்து அதன்மேல் மூட வேண்டும் என்பது. இணைப்பு எதுவும் இல்லை.

கேட்டில் டாக்ஸி நின்றது. அன்று காலையிலேயே வானம் லேசாகச் சாம்பல் பூத்திருந்தது. இன்னும் புகை நாற்றம் வரவில்லை, வரப்போகிறது என்று தெரிந்தது. பெட்டிகளை டிரைவர் முதலிலேயே கொண்டுபோயிருந்தார். சாவியை இன்ஜினியரிடம் கொடுத்தேன். குழாயைத் திறந்து செடிகளுக்கு ஒரு தடவை தண்ணீர் விட்டேன். மூடினேன். மறுபடியும் திறந்தேன்.

"ஏனுங்க, ரயிலு நமக்காக நிக்காதுங்க. வாங்க."

அவள் கையில் கைப்பை ஒன்றுதான். "பையைக் கொடு" என்றேன். ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். கனமாக இருந்தது. திறந்து பார்த்தேன்: கடைசியாகப் பிடுங்கிய முள்ளங்கி, ஈரத் துணியில் சுற்றி, நாலைந்து.

அவள் முன்னால் நடந்தாள். டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டினாள், நாவல் மரத்தைத் தாண்டினாள், கேட் வரைக்கும் நேராகப் போய் டாக்ஸியில் ஏறினாள். ஓர் இடத்திலும் நிற்கவில்லை.

நான் இரண்டு இடத்தில் நின்றேன்.